நிறைந்துவிட்ட மேசை

கடல் பின்வாங்கினால் சேற்றையும் முன்வந்தால் உப்பையும் தவிர வேறெதையும் தராத சீனத்துக் கிழக்குக் கரையில், மூன்று கிணறு என்று பெயர் வைத்துக்கொண்டு இரண்டே கிணறுகளோடு காலம் தள்ளிய ஓர் ஊரில், சாமி என்ற சொல்லை வாய்விட்டுச் சொன்னால் வேலைக்கூலி குறையும் என்றிருந்த நாளில், ஆலியென் என்பவளின் சாப்பாட்டு மேசை வளர ஆரம்பித்தது.

கண்ணுக்குத் தெரியுமுன் அது கைக்குத் தெரிந்தது. பக்கத்துக்கு இரண்டு பேராக எட்டுப் பேர் உட்காரும் சதுர மேசை. அந்த ஊரில் எல்லா வீட்டிலும் இருப்பதுதான். ஒரு தடவை நனைத்துப் பிழிந்த துணியால் முழுவதும் துடைத்துவிடலாம். அன்றைக்கு மட்டும் பாதியிலேயே துணி காய்ந்துபோய், இரண்டாம் முறை நனைக்க வேண்டியிருந்தது. "எவ்வளவு சிந்தியிருக்கீங்க, நீங்க என்ன பன்றிக்குட்டியா?" என்று அவள் தன் கணவன் குவோவைத் திட்டினாள். குவோ சேற்றில் கிளிஞ்சல் தோண்டுகிறவன், பேச்சில் நம்பிக்கையில்லாதவன். அவன் மேசையைப் பார்த்தான், தன் கிண்ணத்தைப் பார்த்தான், "நான் ஒன்னும் சிந்தல, மேசைதான் பெரிசாயிருக்கு" என்றான். அவள் குனிந்து பார்த்து, ஆமாம் என்று கண்டு, துணியை மறுபடி நனைத்தாள். வேறு என்ன செய்வது? பெரிதானால் என்ன, துடைக்காமல் விடமுடியுமா?

ஆலியென் எதையும் துடைக்காமல் விடுகிறவளல்ல. புது அரசாங்கம் வருமுன் மாவட்டத் தலைநகரில் கன்னியர் மடத்துப் பள்ளியில் படித்தவள். சட்டைக் காலரை மடிப்புக் கலையாமல் தேய்க்கவும், நான்கு குரல் பாட்டில் தன் குரலைத் தவறவிடாமல் பாடவும், அடுத்தவர் தப்பை அவர் சொல்லி முடிக்குமுன்னே திருத்தவும் அங்கே கற்றுக்கொண்டாள். மடம் போனது, கன்னியர்கள் கப்பலேறினார்கள், ஊர் மாதா கோவில் தானியக் கிடங்கானது, சாமியார் போனவர் போனவர்தான். மிச்சமிருந்த ஆடுகளை அவளுடைய அண்ணன் என்குவாங்தான் உபதேசியாராக இருந்து மேய்த்தார். பிறகு சிவப்புத் துணியைக் கையில் கட்டிய பிள்ளைகளின் காலம் வந்தபோது அவர் தலையில் காகிதத்தாலான கூம்புத் தொப்பியை மாட்டி, பள்ளிக்கூட மைதானத்தில் மண்டியிட வைத்து, ஊரையே சுற்றி நிற்க வைத்து, ஒழிக ஒழிக என்று கத்த வைத்து, அப்படியே வடக்கே உப்பளத்து முகாமுக்கு அனுப்பினார்கள். அவர் திரும்பவில்லை. அவர் வீட்டுப் பொருளெல்லாம் போனது. மேசை மட்டும், அது வெறும் மேசை என்பதால், தங்கை வீட்டுக்கு வந்தது.

பத்து வருடம் அதில் சோறு மட்டுமே பரிமாறப்பட்டது. பிறகு ஒரு மழைக்கால மாலையில் பழைய கோவில் ஆட்கள் எட்டுப் பேர் ஜன்னலுக்குப் போர்வை தொங்கவிட்டு அதைச் சுற்றி உட்கார்ந்து பாடினார்கள். சத்தமில்லாமல்தான். வாய் அசையும், மூச்சு வரும், குரல் வராது. நான்கு குரல் பாட்டையும் அப்படியே பாடுவார்கள், யாராவது சுதி தப்பினால் ஆலியென் கண்ணாலேயே முறைப்பாள். குரலே இல்லாத பாட்டில் சுதி தப்பியது அவளுக்கு எப்படித் தெரியும் என்று யாரும் கேட்டதில்லை, கேட்கும் தைரியம் இருந்ததில்லை. பாட்டு முடிந்ததும் சாப்பாடு. அந்த மாலையில் ஒன்பதாவதாக வந்து கதவைத் தட்டியவன் முடிவெட்டுகிறவன். வயிற்றுப்புண் எந்த மருந்துக்கும் கேட்காமல்போகவே கடைசியாகக் கடவுளைக் கேட்டுப் பார்க்க வந்தவன். நெருக்கி உட்காருங்கள் என்று ஆலியென் சொன்னாள். யாரும் நெருக்கவில்லை, நெருக்காமலே அவனுக்கு இடமிருந்தது.

அதிலிருந்து வந்தவர்களுக்கெல்லாம் இடமிருந்தது. புருஷன் அடித்ததால் வந்தவளுக்கு இடமிருந்தது, பிள்ளை பிழைத்ததால் வந்தவனுக்கு இடமிருந்தது, இத்தனை வருடம் இத்தனை கட்சிக் கூட்டங்களில் உட்கார்ந்தும் ஒருத்தர்கூடத் தன்னைச் சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை என்பதற்காக மட்டுமே வந்தவளுக்கும் இடமிருந்தது. ஆள் வர வர மேசை நீண்டது, சமையலறைச் சுவரைத் தொட்டது, சுவரை மெதுவாக, செங்கல்லுக்கு வலிக்காமல், துளைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குள் போனது.

அடுத்த வீட்டு மெய்ஃபெங் இடுப்பில் கைவைத்துக்கொண்டு வந்தாள். "அக்கா, உங்க மேசை எங்க வீட்டுக்குள்ள வந்திருக்கு."

"வந்தா என்ன, சோறா கேட்குது?"

"கேட்கல. ஆனா என் பன்றி அதுக்கடியிலதான் படுப்பேன்னு அடம்பிடிக்குது."

"அப்போ பன்றிக்குப் புத்தியிருக்கு."

மெய்ஃபெங் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள், மூன்றாம் நாள் அந்த முனையில் கீரை நறுக்கினாள், பிறகு நறுக்கிக்கொண்டே சுவரின் ஓட்டை வழியாக வரும் அந்தச் சத்தமில்லாத பாட்டைக் கேட்டாள். அடுத்த மாதம் அவளும் வாயசைத்தாள். மேசை அவள் வீட்டையும் தாண்டி அதற்கடுத்த வீட்டுக்குள் போனது. இப்படியே அந்தத் தெருவில் வீடுகளெல்லாம் மணி கோத்த மாதிரி ஒரே மேசையில் கோக்கப்பட்டன. ஊர் அதற்குப் பழகிக்கொண்டது; எதற்குத்தான் பழகவில்லை. அவரவர் வீட்டுக்குள் இருக்கும் பகுதியை அவரவர் துடைக்க வேண்டும் என்று தீர்மானமானது. கோழிகள் மழை நாளில் தெருவில் இறங்காமல் மேசை மேலேயே ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்து போயின. உப்பு தீர்ந்தால் கிண்ணத்தைத் தள்ளிவிட்டால் போதும், அது கைமாறிக் கைமாறிப் போய் நிறைந்து திரும்பி வரும், கூடவே நாலு வீட்டு வம்பும் வரும்.

கட்சிக் கிளைச் செயலாளர் தோழர் ஹூ ரம்பத்தோடு வந்தார். நல்ல மனிதர்தான், ஆனால் மேலிடத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர், அப்படிப்பட்ட நல்ல மனிதர்களால்தான் பாதித் தொல்லை. "இது என்ன, அக்கா?" என்றார்.

"மேசை, தோழர்."

"ஏன் இவ்வளவு நீளம்?"

"நீங்கதான் எல்லாம் பொதுன்னு சொன்னீங்க."

அவர் சிரிப்பை விழுங்கிக்கொண்டு, ஆலியெனின் சுவரோடு சுவராக அறுத்து, அறுத்த துண்டைக் கிளை அலுவலகத்துக்குக் கொண்டுபோய்த் தன் தேநீர்க் குவளையை அதன்மேல் வைத்தார். ஒரே வாரத்தில் இந்தப் பக்கம் மறுபடி சுவரைத் தாண்டியது. அலுவலகத்துத் துண்டும் சும்மா இருக்கவில்லை. குவளை தினமும் அவர் கைக்கெட்டாத தூரத்துக்குப் போனது. ஒரு மாலை அவர் எழுந்து குவளையைத் தேடிக்கொண்டு மேசையோரமாகவே நடந்து போனபோது, அதன் மறுகோடியில் தன் மனைவி கண்ணை மூடி வாயசைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்தார். குவளையை எடுத்துக்கொண்டு, சத்தமில்லாமல் திரும்பி நடந்து வந்து, கடல் காற்றின் ஈரத்தில் மரம் ஊதும் என்று மேலிடத்துக்கு அறிக்கை எழுதினார். ஊர் முழுக்க அந்த விளக்கத்தை நன்றியோடு ஏற்றுக்கொண்டது. யாராவது வெளியூரான் வாயைப் பிளந்தால், ஈரத்தில் ஊதுகிறது என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தார்கள்.

அப்போதுதான் யின்தி வந்தாள்.

என்குவாங்கின் தலையில் காகிதத் தொப்பியை வைத்தவள் அவள்தான். அப்போது அவளுக்குப் பதினாறு வயது, பள்ளியிலேயே நல்ல கையெழுத்து, தொப்பியில் அவர் குற்றமென்று எழுதியதும் அவள்தான். அன்றைக்கு அவளைத் தோளில் தூக்காத குறையாகக் கொண்டாடியவர்கள், காற்று திசைமாறியதும் அவளைத் தெரியாதவர்கள் போலானார்கள். கட்சிக்காரர்களுக்கு அவளைப் பார்த்தால் சங்கடம், மற்றவர்களுக்கு வெறுப்பு, கல்யாணம் பேச ஒருவரும் வரவில்லை. கரையின் கடைசியில், பழைய வலைகள் போட்டு வைக்கும் கொட்டகையில் தனியாக இருந்தாள். அவளோடு உட்கார்ந்து யாராவது சாப்பிட்டுப் பத்துப் பன்னிரண்டு வருடமிருக்கும்.

பாட்டு முடிந்து கிண்ணங்கள் வைக்கிற நேரத்தில் அவள் கதவருகே நின்றாள். ஆலியென் திரும்பிப் பார்த்து, யாரென்று புத்திக்கு எட்டுமுன் வாய் பழக்கத்தில் கேட்டுவிட்டது: "சாப்பிட்டாச்சா?"

அந்த நாட்டிலும் இந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான். பட்டினி கிடந்தாலும் ஆச்சு என்று சொல்லிவிட்டு நகர வேண்டும். அதுதான் மரியாதை. பஞ்ச வருடத்தில் வயிறு ஒட்டிச் சாகக் கிடந்தவர்கள்கூட ஆச்சு ஆச்சு என்று சொல்லித்தான் செத்தார்கள்.

யின்தி, "இல்லை" என்றாள்.

தெருவின் நீளத்துக்கு அந்த மேசையில் சாப்பிடும் குச்சிகள் அசையாமல் நின்றன. மெய்ஃபெங் சுவரின் ஓட்டை வழியாகத் தலையை நீட்டினாள். முடிவெட்டுகிறவன் தன் கிண்ணத்தையே பார்த்தான். ஆலியென் நிமிர்ந்து நின்று, கன்னியர்கள் சொல்லிக்கொடுத்த மிக நல்ல குரலில், ஒரு சொல்லும் கடுமையில்லாமல் சொன்னாள்:

"அடடா, கொஞ்சம் முன்னால வந்திருக்கக் கூடாதா. மேசை நிறைஞ்சுபோச்சே."

அது அந்த ஊரில் வேண்டாதவர்களை அனுப்ப எல்லா வீட்டிலும் சொல்கிற பொய்தான். எட்டுப் பேர் மேசையில் அது செல்லும். இந்த மேசையில் அது செல்லாது என்பது அங்கே உட்கார்ந்திருந்த எல்லோருக்கும் தெரியும், நின்றிருந்தவளுக்கும் தெரியும். யின்தி தலையசைத்து, "சரி அக்கா" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் போனபின் ஆலியென் எல்லோருக்கும் வழக்கத்தைவிட ஒரு கரண்டி அதிகமாகவே பரிமாறினாள், எல்லோரும் நன்றாயிருக்கிறது என்று வழக்கத்தைவிட அதிகமாகவே சொன்னார்கள்.

மேசை அவள் சொன்னதை நம்பிவிட்டது. கேலியும் தெரியாது, மரியாதைப் பொய்யும் தெரியாது, வெறும் மரம்தானே. அடுத்த வாரம் புதிதாக வந்த இரண்டு பேருக்கு இடமில்லை. ஆட்கள் நகர்ந்து பார்த்தார்கள், இடைவெளி கண்ணுக்குத் தெரிந்தது, உட்காரப் போனால் முழங்கை இடித்தது. அதற்கடுத்த வாரம் பழையவர்களுக்கே இடம் போதவில்லை. தெருக்கோடி வீட்டிலிருந்து மேசை பின்வாங்கியது, சுவரின் ஓட்டை மட்டும் நின்றது, அதன் வழியாகக் காற்று வந்தது. கோழிகள் பழக்கத்தில் நடந்து போய், முனை தீர்ந்தது தெரியாமல் பொத்தென்று விழுந்தன.

ஊர் இதற்கும் காரணம் தேடியது. வெயில் காலம், மரம் சுருங்குகிறது என்றார் தோழர் ஹூ, தன் குவளை மறுபடி பக்கத்தில் வந்துவிட்டதில் ஏனோ மகிழாமல். செபம் போதாது என்றார்கள் சிலர், உபவாசம் இருந்தார்கள். முடிவெட்டுகிறவன் வெளியூர்க்காரன் கண்பட்டது என்றான். எல்லோரும் எல்லாக் காரணத்தையும் சொன்னார்கள், அந்த ஒரு காரணத்தைத் தவிர. ஏனென்றால் அதைச் சொன்னால் அடுத்ததையும் சொல்ல வேண்டும்: அன்றைக்கு மைதானத்தில் யார்தான் கத்தவில்லை? வாயசைத்துப் பாடுகிற இதே வாய்கள், அன்றைக்கு வாயை மட்டும் அசைத்துத் தப்பித்திருக்கலாம். அசைக்க மட்டும் செய்யவில்லை. குரல் கொடுத்தார்கள். ஆலியெனின் குரல், நன்றாகப் பயிற்சி பெற்ற குரல், எல்லாவற்றுக்கும் மேலே தெளிவாகக் கேட்டது. மண்டியிட்டிருந்த அண்ணன் அந்தக் குரலைக் கேட்டுத் தொப்பி சரியாதபடி தலையை மெல்லத் திருப்பிப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் பரவாயில்லை. சுதி சரியாயிருக்கிறது என்கிற மாதிரி பார்த்தார்.

மேசை சமையலறைச் சுவருக்குள் வந்தது. பிறகு எட்டுப் பேருக்கானது. பிறகு நாலு பேருக்கானது. வருகிறவர்கள் நின்றுகொண்டே செபித்துவிட்டு, "நீங்க சாப்பிடுங்க அக்கா, எங்களுக்கு ஆச்சு" என்று சொல்லிவிட்டு நழுவினார்கள். அவள் மேல் அவர்களுக்குக் கோபமில்லை. தங்கள் முகத்தை அவள் முகத்தில் பார்க்கப் பிடிக்கவில்லை. மெய்ஃபெங் சுவரின் ஓட்டையை வைக்கோல் திணித்து அடைத்தாள், அடைக்கும்போது, "குளிர் வருது அக்கா, வேற ஒன்னுமில்ல" என்றாள், ஆடி மாத வெக்கையில்.

ஆலியென் துடைத்தாள். இப்போது துணியை நனைக்கக்கூட வேண்டியதில்லை, ஈரக் கையை இழுத்தாலே போதும். அண்ணனிடமிருந்து வந்தது இது ஒன்றுதான், அதுவும் அவள் கைக்கடியிலேயே, துடைக்கத் துடைக்கக் கறை போவதுபோல, போய்க்கொண்டிருந்தது. குவோ தன் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடப் பழகியிருந்தான். ஒருநாள் மதியம், யாரையும் பார்க்காமல், "கொட்டகைக்குப் போறதுன்னா, கரை மேல போகாத, வழுக்கும். கீழ் வழியா போ" என்றான்.

"யார் போறேன்னு சொன்னா?"

"யாரும் சொல்லல."

அவள் மேலங்கியை எடுத்தாள். மாற்றினாள். நல்லதைப் போட்டால் மன்னிப்பு வழங்கப் போகிறவள் மாதிரி இருக்கிறது, கிழிந்ததைப் போட்டால் நாடகம் மாதிரி இருக்கிறது. கடைசியில் சமையல் துணியைக்கூட இடுப்பிலிருந்து அவிழ்க்காமல் போனாள். கையில் ஏதாவது கொண்டுபோகலாம் என்று முட்டையை எடுத்தாள். முட்டை கொடுத்து எதை வாங்கப் போகிறாய் என்று தன்னையே கேட்டுக்கொண்டு திருப்பி வைத்தாள். ஊர் முழுக்க வாசலில் நின்று பார்த்தது. வழக்கமாக ஒவ்வொரு வாசலுக்கும் ஒரு சொல் வைத்திருப்பவள், அன்றைக்கு ஒரு வாசலுக்கும் ஒன்றும் சொல்லவில்லை.

கொட்டகையில் யின்தி, கவிழ்த்த கூடையின் மேல் கிண்ணத்தை வைத்துச் சர்க்கரைவள்ளிக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். நிழல் விழுந்ததும் நிமிர்ந்தாள். யாரென்று புத்திக்கு எட்டுமுன், அந்த நாட்டில் எல்லா வாய்க்கும் உள்ள பழக்கத்தில், அவள் வாயும் கேட்டுவிட்டது.

"சாப்பிட்டாச்சா?"

ஆலியென் வாயில் ஆச்சு என்ற சொல் வந்து நின்றது. நாற்பது வருடமாக வந்து நிற்கிற சொல். அதை விழுங்குவதற்குள் கண் நிறைந்துவிட்டது.

"இல்லை" என்றாள்.

யின்தி கவிழ்ந்திருந்த கூடையைக் காட்டினாள். "இங்க மேசையே கிடையாது அக்கா" என்றாள். "அதனால நிறையவும் செய்யாது."

அடித்திருந்தால் இவ்வளவு வலித்திருக்காது. ஆலியென் அதை வாங்கிக்கொண்டு அங்கேயே நின்றாள். யின்தி காலால் ஒரு மூங்கில் முக்காலியைத் தள்ளினாள். இன்னொரு கிண்ணத்தில் கஞ்சி ஊற்றினாள். இருவரும் கூடைக்கு இரண்டு பக்கமும் முழங்கால் இடிக்க உட்கார்ந்தார்கள்.

"உங்க அண்ணனைப் பத்திப் பேசத்தானே வந்தீங்க" என்றாள் யின்தி. "தொப்பி நான்தான் செஞ்சேன். எழுதினதும் நான்தான். இல்லைன்னு எப்பவும் சொன்னதில்ல."

"தெரியும்."

"அன்னைக்குக் காத்து பலமா இருந்துச்சு. ஊர்வலம் முழுக்கத் தொப்பி பிய்ஞ்சு போகும், போகும்னு பார்த்துக்கிட்டே இருந்தேன். போகல. பசை அவ்வளவு நல்லாயிருந்துச்சு."

ஆலியென் கிண்ணத்தைப் பிடித்திருந்த கை நின்றது. பசை. ஊரிலேயே கட்டி விழாமல் மாவுப் பசை காய்ச்சத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். புத்தாண்டுக்கு எல்லா வீட்டுக் கதவிலும் சிவப்புக் காகிதம் ஒட்ட அவள் அடுப்பிலிருந்துதான் போகும். அன்றைக்கும் ஒரு வாளி வேண்டும் என்று ஆள் வந்தது. எதற்கு என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவார்களோ என்று பயந்து கேட்கவில்லை. அகப்பையைத் தூக்கிப் பார்த்து, பட்டு மாதிரி இறங்குகிறதே என்று, கடவுளே, அந்த நேரத்திலும் ஒரு நொடி பெருமைப்பட்டாள்.

"என் பசை" என்றாள்.

"ஆமா, அக்கா" என்றாள் யின்தி, குற்றம் சொல்கிற குரலில்லாமல், கடையில் எடை சொல்வது போல. "எல்லாருக்கும் தெரியுமே."

எல்லோருக்கும் தெரியும். இத்தனை வருடம் அந்த நீள மேசையில் உட்கார்ந்து அவள் திருத்தியதை எல்லாம் திருத்திக்கொண்டு, முறைத்தபோதெல்லாம் தலைகுனிந்து, அவள் பரிமாறியதைச் சாப்பிட்டவர்கள் எல்லோருக்கும் தெரியும். ஒருத்தர்கூடச் சொல்லவில்லை. அவளுக்கு அவர்கள் இடம் விட்டிருந்தார்கள். தனக்கு இடம் விடப்பட்டிருந்தது தெரியாமல், தன் மேசை என்று நினைத்து, அவள் நிறைந்துவிட்டது என்று சொன்னாள்.

முகம் எரிந்தது. எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் கிண்ணத்துக்குள் குனிந்து கஞ்சியை வாயில் வைத்தாள்.

"உப்பு கூடிப்போச்சு, இல்லை?" என்றாள் யின்தி. "ஒரு ஆளுக்கே செஞ்சு பழகி, அளவு தெரியறதில்ல."

இல்லையே, நன்றாயிருக்கிறதே என்பதுதான் மரியாதை.

"கூடித்தான் போச்சு" என்றாள் ஆலியென். "ரொம்ப."

யின்தி அவளை உற்றுப் பார்த்து, மூக்கு வழியாகச் சிரித்தாள். சிரித்து எத்தனையோ நாளானவள் சிரிக்கிற, துருப்பிடித்த சிரிப்பு. எழுந்து கெண்டியிலிருந்து சுடுதண்ணீரை இரண்டு கிண்ணத்திலும் ஊற்றினாள். உப்பு குறைந்தது, கஞ்சி கூடியது.

வாசலில் மறுபடி நிழல் விழுந்தது. குவோ நின்றுகொண்டிருந்தான், கால் முழங்கால் வரை சேறு. அவன் அக்குளில், கோழியைப் பிடித்திருப்பது மாதிரி, ஒரு மேசை இருந்தது. ஒரு காலத்தில் ஒரு தெருவையே கோத்திருந்த மேசை. "வீட்ல இது எதுக்கும் உதவல" என்றான். கூடையைக் காலால் ஒதுக்கிவிட்டு அதை நடுவில் வைத்தான். இரண்டு கிண்ணம் வைத்தால் மூன்றாவதற்கு இடமில்லாத அகலம்.

"சாப்பிட்டாச்சாண்ணா?" என்றாள் யின்தி.

குவோ தன் மனைவியைப் பார்த்தான். அவள் நிமிரவில்லை. இடுப்பிலிருந்த சமையல் துணியை எடுத்து, மேசையில் சிந்தியிருந்த சொட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள், ஒரு தடவை துடைத்தாலே போதுமான அந்தச் சின்னப் பலகையை, திரும்பத் திரும்ப, துணி காய்கிறதா, இன்னொரு முறை நனைக்க வேண்டியிருக்கிறதா என்று பார்க்கிறவள் போல.

"இல்லை" என்றான் குவோ.

யின்தி மூன்றாவது கிண்ணம் தேடப் போனாள். ஆலியென் துடைத்துக்கொண்டே, யாரும் சொல்லாமலே, தன் கிண்ணத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு இடம் விட்டாள்.